‘கொஞ்சம் பொறுலே எக்கோ!’ - பாளையங்கோட்டையில் ஒரு வில்லுப்பாட்டு மிக்ஸிங்

தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடைக்கு மைக் செட் பேசப் போனால், கமிட்டிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எக்கோ இருக்குல்லா?" என்பதுதான். பாக்ஸ் எத்தனை, குழாய் எத்தனை, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எக்கோ இல்லாத கொடை, வேட்டு போடாத கொடை மாதிரி. பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்.

அந்த எக்கோவால் என்ன நடக்கும் என்பது கொடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். வில்லுப்பாட்டுப் புலவர் ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் அதன் முதல் சொல் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்காரும். அது போவதற்குள் இன்னொன்று. முன்வரிசைப் பாட்டிகளுக்குக் கதை மனப்பாடம் என்பதால் பிழைத்துக்கொள்வார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சத்தம் மட்டும்தான் போய்ச் சேரும்.

பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் சின்ன அறை. சுவரில் பழைய மெத்தைப் பஞ்சை அடைத்துத் தைத்த சாக்குகள், ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர்கள். அங்கே இரண்டு வாரமாக இந்தப் பிரச்னையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார் 26 வயது இளைஞர் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அப்பா 30 வருடம் ‘ரேடியோ செட்’ வைத்திருந்தவர். அகுஜா ஆம்ப்ளிஃபயர், குழாய்கள், வயர் சுற்றிய கட்டை எல்லாம் இன்னும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. மகனுக்குக் குழாய் கட்டுவதில் விருப்பமில்லை. ஒலிப்பதிவு, மிக்ஸிங் என்று போய்விட்டார். சர்ச் பாட்டு, கல்யாண வீடியோ, யூடியூப் சேனல்களுக்கான பாட்டு என்று வண்டி ஓடுகிறது.

கையில் இருந்த வேலை, முத்துப்பட்டன் கதை. சித்திரைக் கொடையில் மேடையிலேயே பதிவு செய்தது. பாடியவர் எழுபதைத் தாண்டிய ஓர் அண்ணாவி. வில்லுப்பாட்டுக் குழுவில் நடுவில் உட்கார்ந்து வில்லடித்துக் கதை சொல்பவரை இந்தப் பக்கம் அப்படித்தான் அழைப்பார்கள். மொத்தக் கதையையும் இனிமேல் மேடையில் பாட நெஞ்சில் தெம்பில்லை என்று அவரே சொல்லிவிட்டார். மகன்கள் யாரும் வில்லைத் தொடவில்லை. பாளையங்கோட்டையில் கல்லூரிக்கு வரும் பேத்திக்குத்தான் ஆசை. கதை எழுதிய நோட்டைக் கரையான் தின்று வருடங்கள் ஆகின்றன. இந்தப் பதிவுதான் இனி அந்தப் பெண்ணுக்கு நோட்டு.

முத்துப்பட்டன் கதையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தணர் குடும்பத்தில் பிறந்த பட்டன், அருந்ததியர் குலத்து அக்கா தங்கையான பொம்மக்கா, திம்மக்காவை விரும்பி, அவர்களுடைய அப்பா சொன்னபடி பூணூலைக் கழற்றி, குடுமியை எடுத்து, செருப்புத் தைக்கக் கற்று அவர்களை மணக்கிறான். பிறகு மாடு காக்கும்போது கள்ளர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பவன் அவன்தான். வேண்டிக்கொண்டவர்கள் இன்றும் அங்கே செருப்புக் காணிக்கை செலுத்துகிறார்கள். பாளையங்கோட்டையில் இருந்து ‘ஆராய்ச்சி’ இதழை நடத்திய பேராசிரியர் நா. வானமாமலை, இந்தக் கதையைத் தேடிப் பதிப்பித்தவர்களில் முக்கியமானவர். இப்படிப்பட்ட கதையில் ஒரு சொல் கரைந்துபோனாலும் நஷ்டம்தான். பட்டன் மாமனாரிடம் என்ன வாக்குக் கொடுத்தான் என்பது புரியாமல் போனால் மிச்சக் கதைக்கு அர்த்தமில்லை.

‘அதான் ரெக்கார்டிங் ஆச்சே, எக்கோவே இல்லாமல் கொடுத்துவிட வேண்டியதுதானே’ என்று தோன்றும். இளைஞரும் முதலில் அதைத்தான் செய்தார். மேடையில் மைக்கிலிருந்து நேராக எடுத்த குரலைச் சுத்தம் செய்து, எந்த எஃபெக்ட்டும் போடாமல் பேத்திக்கு அனுப்பினார். சொல்லெல்லாம் கண்ணாடி மாதிரி கேட்டது.

இரண்டு நாளில் அந்தப் பெண் போன் செய்தாள். "அண்ணே, சொல்லு எல்லாம் நல்லா கேக்கு. ஆனா தாத்தா ஆஸ்பத்திரி ரூம்ல உக்காந்து பேசுத மாதிரி இருக்கு. நடுநடுவுல சும்மா நிறுத்துதாங்க. எதுக்கு நிறுத்துதாங்கன்னு தெரியாம எப்படிண்ணே பாட?"

அண்ணாவியிடமே கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டார். "எய்யா, கடைசிக் குழாய எங்க கட்டுவாக? தெருமுக்கு ஆலமரத்துல. மேடையில இருந்து நூத்தம்பது எட்டு இருக்கும். நான் ஒரு சொல்லு விட்டா அது அங்க போயி விழுந்துட்டு எனக்குத் திரும்பி வரும். அது வந்த பொறவுதான் அடுத்த சொல்லு. அது இன்னும் வரலேன்னா நான் எப்படிப் பாட?"

இதைக் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஐம்பது வருடமாக மைக்கில் பாடியவர், குழாய்களின் தூரத்தை வைத்தே மூச்சு விடப் பழகியிருக்கிறார். எக்கோவை முழுக்க எடுத்தால் அவருடைய மௌனங்கள் அநாதையாகிவிடும். முழுக்க விட்டால் சொற்கள் மூழ்கிவிடும். பேத்திக்கு இரண்டும் வேண்டும்.

இதற்கு மிக்ஸிங்கில் ஒரு வழி இருக்கிறது. பெயர் மிரட்டும்: சைடு செயின் கம்ப்ரஷன். விஷயம் எளிது. கம்ப்ரஸர் என்பது சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் தானாக அமுக்கிப் பிடிக்கும் கை. சாதாரணமாக அந்தக் கை எந்த ட்ராக்கில் இருக்கிறதோ, அந்த ட்ராக்கைக் கேட்டே அமுக்கும். சைடு செயினில் கை ஒரு ட்ராக்கிலும் காது இன்னொரு ட்ராக்கிலும் இருக்கும். கையை எக்கோவின் மேல் வைத்து, காதை அண்ணாவியின் குரலில் வைத்துவிட்டால், அவர் பாடும்போதெல்லாம் எக்கோ அமுங்கும். அவர் வாயை மூடியதும் மேலே வரும். வீட்டில் பெரியவர் பேசும்போது பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருந்து, அவர் எழுந்து போனதும் கத்த ஆரம்பிப்பது மாதிரி. இப்படி அமுங்குவதை ‘டக்கிங்’ என்கிறார்கள். நெல்லைக் குளங்களில் முக்குளிப்பான் தண்ணீருக்குள் தலையை விட்டு, சற்றுத் தள்ளி எழுமே, அதேதான்.

யோசனை புதிதல்ல. வானொலியில் பாட்டு ஓடும்போது அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தால் பாட்டு இறங்கும், முடித்ததும் ஏறும். பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் தொடங்கிய காலத்தில் அது விரலால் செய்யும் வேலை. எக்கோவுக்கென்றே இந்த வசதியைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது, 1980-களின் நடுவில் டென்மார்க்கின் டி.சி. எலெக்ட்ரானிக் நிறுவனம் கொண்டுவந்த 2290 என்ற டிலே கருவி. இன்று அந்த வேலையை லேப்டாப்பில் யாரும் செய்யலாம். டான்ஸ் பாட்டுகளில் டிரம் அடி விழும்போதெல்லாம் மற்ற சத்தம் அமுங்கி எழுந்து மூச்சு வாங்குவது போலக் கேட்குமே, அதுவும் இதே வித்தைதான். அங்கே அமுக்குவது தெரிய வேண்டும். வில்லுப்பாட்டில் தெரியவே கூடாது.

முதல் வேலை, எக்கோ எத்தனை நேரம் கழித்து வர வேண்டும் என்பது. 150 எட்டு என்றால் சுமார் 110 மீட்டர். நம் ஊர் வெயிலுக்குச் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும் என்று வைத்தால், ஆலமரத்துக் குழாயில் இருந்து மேடைக்கு வர 0.32 நொடி. வயரில் மின்சாரம் போகும் நேரம் கணக்கிலேயே வராது. டிலேயில் 320 மில்லிசெகண்ட் வைத்தார். குழாய்க்கு அடிக்கட்டைச் சத்தமும் வராது, மேல் மினுமினுப்பும் வராது என்பதால், எக்கோவில் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டினார். மாடிப்படிக்கு அடியில் கிடந்த குழாய் ஒன்றைத் துடைத்து, ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, அதன் சத்தத்தோடு ஒப்பிட்டும் பார்த்தார். அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதத்தான முப்பது வருசமா செஞ்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அடுத்து கம்ப்ரஸர். அதை டிலேக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பது சின்னக் கேள்விபோலத் தெரியும். பலன் தலைகீழ். முன்னால் வைத்தால் குரல் எக்கோவுக்குள் நுழையும்போதே அமுங்கிவிடும். அமுங்கியது அப்படியே அமுங்கியதாகத்தான் திரும்பி வரும். பின்னால் வைத்தால் எக்கோ முழுதாக உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், வெளியே வரும் வாசல் மட்டும் மூடித் திறக்கும். இங்கே வேண்டியது இரண்டாவது. பாடும்போது எக்கோ 10 டெசிபல் இறங்கும்படி வைத்தார். காதுக்கு அது ஏறக்குறைய பாதிச் சத்தம்.

இங்கே வரைக்கும் பாடம் சொல்லும் எந்த வீடியோவிலும் கிடைக்கும். அதற்கு மேல்தான் தமிழும் வில்லும் குறுக்கே வந்து நின்றன.

ரிலீஸ் என்று ஒரு திருகு உண்டு. குரல் நின்ற பிறகு அமுக்கிய கையை எவ்வளவு வேகமாக எடுப்பது என்பது அது. இங்கிலீஷ் பாட்டுகளுக்குச் சொல்லியிருந்தபடி 80 மில்லிசெகண்ட் வைத்தார். கதையின் நாயகன் பெயரிலேயே மாட்டிக்கொண்டது. ‘முத்துப்பட்டன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘த்து’ என்ற இடத்தில் நாக்கு பல்லில் ஒட்டிக் குரல் ஒரு கணம் நின்றே போகும். ‘ப்ப’வில் உதடு மூடும். ‘ட்ட’வில் நாக்கு மேலே மடங்கும். ஒரே பெயரில் மூன்று குட்டி மௌனம். அந்த மூன்றிலும் எக்கோ தலையை நீட்டி நீட்டிப் பார்த்தது. பொம்மக்கா, திம்மக்கா வந்தால் ‘க்கா’வுக்கு ஒன்று. வல்லெழுத்து இரட்டிக்கும் மொழியில் அவசரப்பட்டுக் கையை எடுக்கக் கூடாது. 300-க்கு ஏற்றியதும் அடங்கியது. ஒரு நொடிக்கு ஏற்றிப் பார்த்தால் வேறு வம்பு. வாசல் திறப்பதற்குள் எக்கோ போயே போய்விட்டது. 300 வைத்தால், 0.32 நொடியில் வரும் முதல் எக்கோ சற்றுத் தயங்கி எட்டிப் பார்க்கிறது, அதற்கடுத்தது தெளிவாக வருகிறது. ஆலமரத்துக்கு அப்பால் இன்னொரு குழாய் இருப்பது மாதிரி.

பெரிய தலைவலி வேறு இடத்தில் இருந்தது. வில்லுப்பாட்டில் அண்ணாவி பாடுவதோடு வீசுகோலால் வில்லையும் அவரே அடிக்கிறார். வில்லில் கட்டிய மணிகள் அவர் மைக்குக்கு நேர் கீழே குலுங்குகின்றன. பக்கத்தில் உடுக்கை, குடம், ஜால்ரா. பாட்டு நிற்கும் இடைவெளியில்தான் இவை ஓங்கி ஒலிக்கும். இந்தச் சத்தமெல்லாம் அவர் மைக்கிலும் ஏறியிருந்ததால், கம்ப்ரஸரின் காதுக்கு அவர் இன்னும் பாடிக்கொண்டிருப்பதாகவே தோன்றியது. எக்கோ வர வேண்டிய இடங்களில் எல்லாம் வாசல் சாத்தியே கிடந்தது.

அந்தக் காதுக்கு ஒரு வடிகட்டி போட்டார். 300-ல் இருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் கேள், மற்றதைக் கண்டுகொள்ளாதே என்று. மணியின் கிணுகிணுப்பு மேலே போய்விட்டது, குடத்தின் ‘தொம்’ கீழே போய்விட்டது. உடுக்கை மட்டும் மசியவில்லை. அது மனிதக் குரலின் நடுவிலேயே வந்து உட்காரும் வாத்தியம். சாமி வரவழைக்க அதைத்தானே அடிக்கிறார்கள்!

கடைசியில் கையால்தான் தீர்வு. குரல் ட்ராக்கை இன்னொரு பிரதி எடுத்து, அண்ணாவி பாடாத ஒவ்வோர் இடைவெளியையும் வெட்டி எறிந்தார். 41 நிமிடப் பதிவுக்கு இரண்டு ராத்திரி. அந்தப் பிரதி வெளியே யாருக்கும் கேட்காது. கம்ப்ரஸருக்கு மட்டும் கேட்கும். எப்போது அமுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அதன் காதில் ஓதுவதுதான் அந்த ட்ராக்கின் முழுநேர வேலை.

முடித்துவிட்டு அண்ணாவியை மாடிக்கு அழைத்து வந்தார்கள். படியேற அவருக்கு நேரம் பிடித்தது. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டபடி கேட்டார். பட்டன் மாமனாரிடம் வாக்குக் கொடுக்கும் இடம் வந்தது. சொல் சொல்லாக விழுந்தது. நிறுத்திய இடத்தில் ஆலமரத்துக் குழாய் திரும்பச் சொன்னது. தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் போனதும் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, இங்க நிறுத்து. இப்ப ‘ஆமா’ போட்டது யாரு?"

"உங்க இடத்துப் பாட்டுக்காரர்தான், தாத்தா."

"அவன் ஒருத்தன்தான் சொன்னான். நீ இன்னொருத்தனயும் கொண்டாந்து உக்கார வச்சிருக்க."

அவர் சொன்னது சரி. வில்லுப்பாட்டில் அண்ணாவிக்கு வலப்பக்கம் இருப்பவர் வலம் பாடுவார், இடப்பக்கம் இருப்பவர் இடம் பாடுவார். அண்ணாவி ஒரு வரியை விட்டதும் அதன் வாலைப் பிடித்துத் திரும்பப் பாடுவதும், ‘ஆமா’ போடுவதும் அவர்கள் வேலை. அவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும், கடைசி வரிசைக்காரருக்கு விட்ட சொல் மறுபடி கிடைக்கும். தலைவர் பாடும்போது அடங்கியிருந்து, நிறுத்தியதும் அவருடைய சொல்லையே திருப்பித் தருவது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்த அதே காரியத்தை, மைக் வருவதற்கு முன்பிருந்தே இரண்டு பேர் ஜால்ராவும் குடமும் தட்டிக்கொண்டு செய்துவந்திருக்கிறார்கள். நெல்லைப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, வில்லுப்பாட்டை வானொலிக்கும் சபா மேடைக்கும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம் 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர், 2022-ல் மறைந்தார். அவருடைய பதிவுகளைக் கேட்பவர்களுக்கு இந்த ‘ஆமா’வின் அருமை தெரியும். அது வெறும் தலையாட்டல் இல்லை, கதைக்குப் போடும் முட்டு.

அதனால் பக்கப் பாட்டு வரும் இடங்களில் எல்லாம் எக்கோவை முழுதாகவே அணைத்தார் இளைஞர். பக்கத்தில் ஆள் இல்லாமல் அண்ணாவி தனியாக வசனம் சொல்லும் இடங்கள், காப்புப் பாடும் இடம், பட்டன் செத்த சேதி வந்து பொம்மக்காவும் திம்மக்காவும் ஓடும் இடம் ஆகியவற்றில் மட்டும் வைத்துக்கொண்டார். கடைசியில் சொன்ன இடத்தில் அண்ணாவி ஒரு சொல்லோடு நிறுத்தி, வில்லைக்கூட அடிக்காமல், சுமார் நான்கு நொடி சும்மா இருக்கிறார். முதலில் அனுப்பிய பதிவில் அந்த நான்கு நொடி, கேசட் நின்றுபோனது மாதிரி இருந்தது. இப்போது அந்தச் சொல் தெருமுக்குக்குப் போய்த் திரும்பி, இன்னும் தூரம் போய்த் தேய்ந்து அடங்குகிறது. அதுவரைக்கும் அவர் காத்திருக்கிறார். பேத்தி அந்த இடத்தை மறுபடி மறுபடி போடச் சொன்னாள். விரலில் எண்ணிக்கொண்டாள். தாத்தா எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார்.

முழு ராத்திரிக் கதை 41 நிமிடமாகச் சுருங்கியது பற்றி யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விடிய விடியப் பாடிய கதைகளை எட்டரை மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடிக்க அண்ணாவிகள் எப்போதோ பழகிவிட்டார்கள். விட்டுப்போன பகுதிகளை வீட்டிலேயே, மைக் முன்னால் பேத்தியை எதிரே உட்கார வைத்து, ஆடி கழிந்ததும் சொல்லித் தருவதாகப் பேச்சு. அதற்கு ஆலமரம் வேண்டாமாம். பேத்தியே ‘ஆமா’ போட்டால் போதுமாம்.

பதிவுக்குப் பணம் கொடுத்தது கோயில் கமிட்டி என்பதால் கடைசியாக அவர்களுக்கும் போட்டுக்காட்ட வேண்டியிருந்தது. பொருளாளர் காதைத் தீட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. எக்கோதான் கொஞ்சம் கம்மியா இருக்கு."

இளைஞர் மறுபேச்சுப் பேசாமல் எக்கோவை 2 டெசிபல் ஏற்றினார். அதே கையோடு, அண்ணாவி பாடும்போது அது அமுங்கும் அளவையும் 10-ல் இருந்து 12 ஆக்கினார்.

"ஆங், இப்ப கொடை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, பாக்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார் பொருளாளர்.